முதுமலைக்கு இரண்டு முறை போனோம்

முதல் முறை போனதைச் சுற்றுலா என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 2024 மே மாதம். நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயமாக்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இ-பாஸ் எடுத்ததையே பெரிய முன்னேற்பாடு என்று நினைத்துக்கொண்டு கோவையிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா. மேட்டுப்பாளையம் தாண்டி, குன்னூர் ஏறி, ஊட்டியில் இட்லி சாப்பிட்டு, பைக்காரா வழியாகக் கூடலூர் இறங்கி, முதுமலையில் சஃபாரி வேன் கிளம்பும் இடமான தெப்பக்காடு போய்ச் சேரும்போது மணி பதினொன்றேகால். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். வளைவுகளில் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு டிக்கெட் கவுன்ட்டருக்கு ஓடினால், "காலை டிரிப் முடிஞ்சுதுங்க, இனி ரெண்டு மணிக்கு மேலதான்" என்றார்கள்.

சரி, மசினகுடி போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று போனோம். அங்கே ஒருவர் வண்டிக் கண்ணாடியைத் தட்டினார். "ஜீப் சஃபாரி சார். யானை, காட்டெருமை, லக்கு இருந்தா புலி. கவர்மென்ட் வேன் போகாத இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போறேன்." ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஏறினோம். அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது நாங்கள் காரில் வந்த அதே தார்ச்சாலை. அதிலேயே நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பி, ஒரு தோட்டத்து வேலியோரம் நிறுத்தி, "இங்கதான் நேத்து யானை நின்னுச்சு" என்றார். நின்ற இடத்தைக் காட்டுவதற்கு ஆயிரத்து ஐந்நூறு. காட்டுக்குள் வண்டி ஓட்ட வனத்துறைக்கு மட்டும்தான் அனுமதி, தனியார் ஜீப் எதுவும் காப்புக்காட்டுக்குள் போக முடியாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இரவில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் இன்னும் மோசம். அது குற்றம், பிடிபட்டால் நமக்கும் சேர்த்துத்தான் அபராதம்.

மதியம் வேனில் ஏறினோம். முக்கால் மணி நேரம். மே மாத வெயில், நிரம்பிய வேன், பின் சீட்டில் யாரோ போனில் பாட்டு. ஒரு மயில், மூன்று புள்ளிமான், கரடி என்று எல்லோரும் எழுந்து நின்று பார்த்த ஒரு கறையான் புற்று. யானைகள் முகாமில் சாப்பாட்டு நேரம் மாலை ஐந்தரைக்கு என்றார்கள். அதுவரை இருந்தால் நடுராத்திரிதான் வீடு போய்ச் சேர முடியும் என்பதால் நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். காலையும் போச்சு, மாலையும் போச்சு. திரும்பும் வழியில் அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. மேட்டுப்பாளையம் வந்ததும், "வ.உ.சி. பூங்காவுல இதைவிட நிறைய மான் பார்த்திருக்கமேடா" என்றார்.

இந்தக் கதையைக் கூடலூர் நண்பனிடம் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கல்லூரியில் என்னோடு படித்தவன். அவன் அப்பா சிறுவனாக இருக்கும்போது, 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவனுக்கு யானை என்பது பார்க்கப் போகும் பொருளே இல்லை, ராத்திரி கக்கூஸுக்குப் போகுமுன் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு உங்க ஊர் மாடு என்னடா பண்ணும்?" என்று கேட்டான்.

"படுத்து அசை போடும்."

"காட்டு மாடு மட்டும் உனக்காக ரோட்டுல வந்து நிக்குமா?"

எங்கள் தவறு முழுக்க இந்த ஒரு கேள்வியில் இருந்தது. மானும் காட்டுமாடும் விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான் மேயும். வெயில் ஏறியதும் நிழலுக்குள் போய்ப் படுத்துவிடும். அவற்றைத் தின்பவையும் அப்படியே. ஆகவே, ஒரே நாளில் முதுமலை பார்க்க முடியுமா என்று கேட்டால் முடியும் என்பேன். ஆனால் அந்த நாள் விடியும்போது நாம் மலைக்குக் கீழே கோவையிலோ திருப்பூரிலோ இருக்கக் கூடாது. முந்தின இரவே கூடலூரிலோ மசினகுடியிலோ படுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை அப்படித்தான் போனோம். ஜனவரி மாதம், பொங்கல் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் லீவு சொன்னோம். அவள் டீச்சர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன். திங்கள் மாலையே நண்பன் வீட்டுக்குப் போய்விட்டோம். ராத்திரி சாப்பிடும்போது அவன் எங்கள் பைகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். மகளின் சிவப்பு ஸ்வெட்டரை ஒதுக்கி வைத்து, தன் மகனின் பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கொடுத்தான். மனைவியின் சென்ட் பாட்டிலைப் பார்த்து, "நாளைக்கு ஒரு நாள் வேண்டாம் தங்கச்சி" என்றான். தண்ணீருக்கு இரண்டு எவர்சில்வர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது, சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைத்தான். தெப்பக்காட்டில் நாட்டுக்குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கப் பழகியவை. "கையில பை சரசரத்தாலே உங்க மடிக்கு வந்துடும்."

அவனிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. அதையும் கொடுத்தான். போன் கேமராவை நம்பிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வேன் குலுங்கும்போது எடுத்த எல்லாப் படங்களிலும் மரம் மட்டும்தான் இருக்கும். இப்போது என் போனில் முதுமலைப் படங்கள் நாற்பது இருக்கின்றன. அதில் முப்பத்தெட்டு பச்சை நிறக் கலங்கல்.

தொரப்பள்ளி சோதனைச்சாவடி காலை ஆறு மணிக்குத் திறக்கும். தெப்பக்காடு, பந்திப்பூர் வழியாக குண்டல்பேட்டை போகும் இந்தச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. நாங்கள் போகும்போது காய்கறி லாரிகள் ஏற்கெனவே வரிசையில் நின்றன. தொரப்பள்ளியிலிருந்து தெப்பக்காடு வரை சாலையின் இரண்டு பக்கமும் காடுதான். இங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. பலகைகளில் எழுதியும் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் போன காரில் ஒருவர் இறங்கி மானுடன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். மான் அவரைப் பார்க்கவில்லை. அது வேறு திசையில் காதைத் திருப்பி நின்றது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

முதுமலையை 1940-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2007-இல் புலிகள் காப்பகம் ஆனது. வெளிவட்டக் காடுகளையும் சேர்த்தால் இன்று 688 சதுர கிலோமீட்டர். வடக்கே மாயாற்றைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு. மாநில எல்லை நமக்குத்தான், காலையில் தமிழ்நாட்டில் தண்ணீர் குடித்த யானை மாலையில் கர்நாடகத்தில் மேயும். இந்தக் காட்டில் இன்னொரு விசேஷம், மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக மழை குறைந்துகொண்டே வரும். கூடலூர்ப் பக்கம் ஈரமான உயர்ந்த மரங்கள், நடுவில் தேக்கும் வெக்காலியும், மசினகுடி தாண்டினால் முள்காடு. முப்பது கிலோமீட்டருக்குள் மூன்று வகைக் காட்டைக் காரில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். முதல் முறை போனபோது இது எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் புலியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை நண்பன் கிளம்பும்போது சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: "நீ புலியத் தேடாத. மானப் பாரு. மான் எங்க பாக்குதுன்னு பாரு."

ஆறு ஐம்பதுக்கு எங்கள் வேன் கிளம்பியது. பதினாறு பேர். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் வரிசையை, வெட்கத்தைவிட்டு முண்டியடித்து, பிடித்துவிட்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவருக்கொருவர் மெல்லப் பேசிக்கொள்வது அங்கே உட்கார்ந்தால்தான் கேட்கும். வழிகாட்டியாக வந்தவர் இருபத்தைந்து வயது இருக்கும் குறும்பர் இளைஞர். ஏறியதும் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "போன எல்லாம் சைலன்ட்ல போட்டுடுங்க. ஏதாச்சும் பாத்தா கத்தாதீங்க, முன்னால இருக்கிறவங்க தோளத் தட்டுங்க" என்றார். கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் "ஓகே தல" என்று கத்தினான். அதுதான் வேனில் கேட்ட கடைசிக் கத்தல்.

தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கியதும் குளிர் முகத்தில் அறைந்தது. புல் நுனிகளிலெல்லாம் பனி. முதலில் காட்டுமாடுகள். நம் ஊரில் எல்லோரும் காட்டெருமை என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது எருமை வகையில்லை, மாட்டு வகை. ஒன்பது இருந்தன. பெரிய காளையின் தோளிலிருந்து மூச்சு விடும்போது ஆவி எழும்பியது. கருப்பு உடம்புக்குக் கீழே நான்கு கால்களிலும் முழங்கால்வரை வெள்ளை. "பள்ளிக்கூடத்து சாக்ஸ் போட்டிருக்குப்பா" என்று மகள் என் காதில் சொன்னாள். ஒரு டன் எடையுள்ள ஒரு உயிர், எங்களை ஒரு நொடி பார்த்துவிட்டு, பொருட்படுத்தும் அளவுக்கு நாங்கள் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்து, மறுபடி மேயத் தொடங்கியது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. முதல் பயணத்தில் எஞ்சினை நிறுத்தவே இல்லை, அல்லது நிறுத்தியும் எங்கள் கூச்சலில் தெரியவில்லை.

பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி. பார்க்க அழகாக, சின்னச்சின்னப் பூவோடு இருக்கும். ஆனால் காட்டைத் தின்றுகொண்டிருப்பது அதுதான். அதன் கீழே புல் முளைப்பதில்லை, மான் மேய இடம் சுருங்குகிறது. நமக்கும் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இதன் குச்சிகளை வெட்டி, வேகவைத்து, வளைத்து, நிஜ அளவில் யானை உருவங்கள் செய்கிறார்கள். மேசை நாற்காலியும் செய்கிறார்கள்.

ஒரு திருப்பத்தில் வழிகாட்டி கையை உயர்த்தினார். வேன் நின்றது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரே ஒரு பெரிய மரம், மேலே நான்கைந்து மந்திகள். இலைகளைப் பிய்த்துப் பாதி தின்று பாதி கீழே போட்டுக்கொண்டிருந்தன. கீழே சுமார் இருபது புள்ளிமான்கள், விழும் இலைகளைத் தின்றுகொண்டிருந்தன. இது இந்தக் காட்டில் பழைய கூட்டாளித்தனம். மந்திக்கு மேலிருந்து தூரம் தெரியும். மானுக்கு மூக்கும் காதும் கூர்மை. யாருக்கு முதலில் தெரிந்தாலும் மற்றவருக்குச் சேதி போய்விடும்.

வழிகாட்டி பார்த்தது ஒரே ஒரு பெண்மானை. மற்றவை மேய்ந்துகொண்டிருக்க, அது மட்டும் தலையைத் தூக்கி, எங்களுக்கு இடது பக்கம், உண்ணிப்புதருக்கு அப்பால் பார்த்தது. முன்காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டு. வால் மேலே நின்றது. இன்னொரு தட்டு. அப்புறம் ஒரு கூவல், குழந்தை விசில் ஊதியது மாதிரி குட்டையாக, கூராக. அந்த நொடியில் இருபது தலைகளும் ஒரே திசையில் திரும்பின. மேலே மந்தி ஒன்று தொண்டையைச் செருமுவதுபோல் "கெக்" என்றது. பிறகு எங்கோ பள்ளத்திலிருந்து கடமானின் குரல். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, காலி இரும்பு டிரம்மை ஒருமுறை தட்டிவிட்டு விட்டதுபோல் ஒற்றைச் சத்தம்.

"புள்ளிமான் சும்மாவும் கத்தும். கடமான் சும்மா கத்தாதுங்க" என்று ஓட்டுநர் கிசுகிசுத்தார்.

பதினைந்து நிமிடம் நின்றோம். பதினாறு பேர் இருந்த வேனில் யாரும் இருமவில்லை. அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தார். எதுவும் வரவில்லை. மந்தி இன்னும் இரண்டு முறை செருமிவிட்டு இலை தின்னப் போனது. மான்கள் ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தின. அந்தப் பெண்மான் மட்டும் கடைசிவரை தாழ்த்தவில்லை.

வேனை மெல்ல நகர்த்தினார்கள். ஐம்பது அடி போயிருக்க மாட்டோம், மறுபடி நிறுத்தி, வழிகாட்டி ஜன்னல் வழியாகத் தரையைக் காட்டினார். பனியில் நனைந்த மண்ணில், எங்களுக்கு இருபது நிமிடம் முன்னால் ஆறரைக்குப் போன வனத்துறை ஜீப்பின் டயர் தடம். அந்தத் தடத்தின் மேலே ஏறி அமர்ந்தமாதிரி ஒரு காலடி. என் உள்ளங்கையை விரித்தாலும் அந்த அகலம் வராது. நான்கு விரல், ஒரு பெரிய அடிமெத்தை. விளிம்பில் மண் இன்னும் சரியவில்லை. டயரின் கோடுகளை அழுத்தி அழித்துவிட்டுப் பாதையைக் குறுக்கே கடந்திருந்தது.

"நகம் எங்கேண்ணா?" என்று மகள் கேட்டாள்.

"நடக்கும்போது நகத்த உள்ள இழுத்துக்கும் பாப்பா. நாய், செந்நாய்னா நகம் பதியும். பூனைக்கும் புலிக்கும் பதியாது."

அவள் தன் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அளக்கப் பார்த்தாள். வழிகாட்டி மெதுவாக அவள் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். கல்லூரிப் பையன்களில் "ஓகே தல" என்றவன் எச்சில் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

எட்டரைக்குத் தெப்பக்காடு யானைகள் முகாமில் இருந்தோம். ஏறக்குறைய நூறு ஆண்டாக இருக்கிற முகாம். ஒருகாலத்தில் மரம் இழுக்க வைத்திருந்த யானைகள். மரம் வெட்டுவது நின்ற பிறகு, ஊருக்குள் வரும் காட்டு யானைகளை விரட்ட, அடக்க, கும்கிகளாக மாறிவிட்டன. தாயைப் பிரிந்த குட்டிகளையும் இங்கேதான் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். 2023-இல் அப்படி ஒரு குட்டியைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியதிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பாகன்களிடம் "அந்த யானை எது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவசரப்படாமல் சமையல் கொட்டகைக்கு எதிரே போய் நில்லுங்கள். பார்க்க வேண்டியது அங்கே இருக்கிறது.

சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு யானையின் பெயருக்கு நேரே அன்றைக்கு அதற்கு எவ்வளவு ராகி, எவ்வளவு கொள்ளு, எவ்வளவு அரிசி, உப்பு, வெல்லம், தாது உப்பு என்று எழுதியிருக்கும். வயசு, எடை, உடல்நிலை பார்த்து மருத்துவர் சொல்வது. வேகவைத்த ராகியை அச்சில் போட்டுச் செங்கல் மாதிரி கட்டிகளாக எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு பாகன் அதில் ஒன்றை உடைத்து, நடுவில் குழி செய்து, கொள்ளும் சோறும் வெல்லமும் வைத்து, இரண்டு கையாலும் அடித்து அடித்து உருட்டினார். பெரிய பூசணி அளவு உருண்டை. யானை தும்பிக்கையை மேலே தூக்கி வாயைத் திறந்து காத்திருந்தது. கீழ் உதடு கரண்டி மாதிரி கூர்ந்து நீண்டிருந்தது, உள்ளே இளஞ்சிவப்பு நாக்கு. பாகன் முழங்கைவரை உள்ளே விட்டு உருண்டையை வைத்துவிட்டு, கையை எடுத்து, அதன் கன்னத்தில் துடைத்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "களி கிண்டி ஊட்டறது மாதிரியேதான்" என்றார்.

"இது பத்தாதுங்கம்மா" என்றார் காவடி. பாகனின் உதவியாளரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "இது டிபன். சாப்பாடு காட்டுக்குள்ள போய் அதுவா தின்னுக்கும்." ஒரு நாளைக்கு சுமார் நூற்றைம்பது கிலோ தழை வேண்டும் ஒரு யானைக்கு. முகாமில் கட்டிப்போட்டு அதைக் கொடுக்க முடியாது. அதனால் காட்டில் மேய விட்டு, பிறகு தேடிக் கூட்டிவருகிறார்கள்.

ஒரு யானை வரிசையில் நின்றபடி, பக்கத்து யானைக்குக் கொண்டுபோன கரும்புத் துண்டைத் தும்பிக்கையால் மெல்ல உருவிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நின்றது. அதன் பாகன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஒன்பதரைக்கு மசினகுடி. ஊர்க்கடைத் தெருவில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இனிமேல் ஊட்டிக்குக் கல்லட்டி வழியாக ஏறிவிடலாம் என்பது திட்டம். வெளியூர் வண்டிகளை அந்த மலைப்பாதையில் இறங்க விடுவதில்லை, ஏற மட்டும் விடுகிறார்கள். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு, சரிவு செங்குத்து. இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் நிறைய விபத்து நடந்திருக்கிறது. கூடலூர் சுற்றிப் போவதைவிடத் தூரம் நிறைய மிச்சம், ஆனால் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும்தான் போக வேண்டும். முழுப் பாரத்தோடு போகிற பழைய வண்டி என்றால் கூடலூர் வழியே நல்லது. மகளுக்கு மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு அரை மணி காத்திருக்கலாம் என்றுதான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது.

வெயில் ஏறியிருந்தது. அம்மா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தவர் அப்படியே இருந்தார். நான் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைக்கத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்தார், நேராக்கிக் கொடுத்தேன்.

"பொணந்தின்னிக் கழுகுடா" என்றார்.

மேலே, மிக உயரத்தில், இறக்கையைப் பலகைபோல் விரித்து, அசைக்காமல், வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. காலை வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலே எழும் நேரம் பார்த்துத்தான் இவை கிளம்பும். பாறு என்று இதற்கு நல்ல பழைய பெயர் உண்டு. இறக்கையின் அடியில், முன் விளிம்பை ஒட்டி வெள்ளைப் பட்டை தெரிந்தது. வெண்முதுகுப் பாறு. மசினகுடிக்குக் கிழக்கே சீகூர்ப் பக்கம், ஓடைக்கரைகளில் நிற்கும் உயரமான நீர்மருது மரங்களில் கூடு கட்டும். தென்னிந்தியாவில் இவை இன்னும் குஞ்சு பொரிக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

காங்கேயம் பக்கம் அம்மா பிறந்த ஊர். மாடு செத்தால் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் போட்டுவிடுவார்களாம். மறுநாள் காலை வானமே இருண்ட மாதிரி வந்து இறங்கும், மாலைக்குள் எலும்பு மட்டும் மிஞ்சும், நாற்றமே இருக்காது என்றார். "எங்கய்யன் அந்தப் பக்கம் போகாதேன்னு விரட்டுவாரு. நாங்க போயி கல்லுமேல உக்காந்து பாப்போம்." எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். கல்யாணம் ஆகி வந்த பிறகும் பார்த்திருக்கிறாராம். நான் பிறந்த பிறகு பார்த்ததாக நினைவில்லையாம். மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, அந்த மாடு செத்ததும் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிட்டது. காரணம் கண்டுபிடித்து 2006-இல் மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்தைத் தடை செய்யும்போது, நாட்டில் இருந்தவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம மாட்டுக்கும் ஊசி போட்டிருக்கோம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் பைனாகுலரை மறுபடி உயர்த்தினார்.

கீழே எங்கோ ஏதோ செத்துக் கிடக்க வேண்டும் என்றார் டீக்கடைக்காரர். செந்நாய் அடித்துப் போட்ட மானாக இருக்கலாம், புலி விட்டுப்போனதாகவும் இருக்கலாம். வட்டம் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போது திருச்சி நம்பர் போட்ட ஒரு கார் எங்கள் அருகில் வேகத்தைக் குறைத்தது. கண்ணாடியை இறக்கி ஓட்டியவர், "என்ன சார் பாக்குறீங்க? புலியா?" என்றார்.

"இல்லைங்க. கழுகு."

கண்ணாடி ஏறியது. வண்டி போய்விட்டது.

"எத்தனைங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"பேசாதடா, எண்ணிக்கை விட்டுப்போச்சு பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.